40 பாக்ஸும் 40 போல்ட்டும்

இன்னைக்கு ஒரு எக்ஸெல் ஷீட் பற்றிப் பேசப் போறேன். ரெண்டே ரெண்டு காலம் இருந்த ஷீட். நான் போட்டது. அதனால் ஒரு வருஷம் எங்க கம்பெனியில் 30 பேருக்கு தீபாவளி போனஸ் தள்ளிப் போச்சு.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போயிருக்கீங்களா? வாவின் ஸ்டாப்பில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது ஐ.டி. கட்டிடங்கள்தான். ஆனா உள்தெருவில் திரும்பி நடந்தால் லேத் சத்தமும் ஆயில் வாசனையும் இப்பவும் இருக்கு. 1960-களில் அரசு உருவாக்கின தொழிற்பேட்டை இது. ஒரு பக்கம் பாடி, இன்னொரு பக்கம் ஆவடி டேங்க் ஃபேக்டரி. பூந்தமல்லி தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் கம்பெனிகள். இவங்களுக்கெல்லாம் நட்டு, போல்ட்டு, வாஷர், ரப்பர் பாகம் செய்து கொடுக்கிற நூற்றுக்கணக்கான சின்ன யூனிட்டுகள் இந்தப் பகுதியில் இருக்கு. அதில் ஒண்ணுல நான் அக்கவுன்ட்ஸும் கம்ப்யூட்டரும் சேர்த்துப் பார்த்துட்டு இருந்தேன்.

எங்க ஊர்ல வியாபாரம் எப்படி நடந்ததுன்னா, டெலிவரி சலான். கையால் எழுதின சலான். எழுதுறது எங்க டெஸ்பாட்ச் அக்கா. "40 பாக்ஸ் × 200 = 8,000 நம்பர்" என்று ஒரே வரி. குட்டி யானை வண்டியில் சரக்கு போகும், அந்தப் பக்கம் ஸ்டோர்ஸ்ல எண்ணிப் பார்த்து சீல் போட்டு அனுப்புவாங்க.

2023 ஆகஸ்ட் 1-ல் எங்களுக்கும் இ-இன்வாய்ஸ் வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி டர்ன்ஓவர் கம்பெனிகளோடு ஆரம்பித்து, 100, 50, 20, 10 என்று இறங்கி, கடைசியா 5 கோடியில் எங்களைப் பிடிச்சாங்க. ஒவ்வொரு பில்லும் அரசு சொன்ன வடிவத்தில் ஜேசான் ஃபைலாகப் போகணும், 64 எழுத்து நம்பரும் க்யூ.ஆர். கோடும் வாங்கிட்டுத் திரும்பி வரணும். அதே சமயம் ஒரகடம் பக்கம் இருந்த எங்க பெரிய கஸ்டமரும், "இனிமே சலான் வேண்டாம், எங்க போர்ட்டல்ல ஏ.எஸ்.என். போடுங்க" என்று சொல்லிட்டாங்க. ஏ.எஸ்.என்.னா, சரக்கு கிளம்பும் முன்னாடியே "இது வருது, இவ்வளவு வருது" என்று அவங்க கம்ப்யூட்டருக்கு நம்ம கம்ப்யூட்டர் சொல்ற தகவல்.

இது புதுசே இல்லை. அமெரிக்காவில் 1979-லேயே எக்ஸ்-12 குழு இதற்காக அமைக்கப்பட்டது. ஐ.நா. பக்கத்திலிருந்து 1987-ல் எடிஃபேக்ட் வந்தது. அப்போதிருந்தே தலைவலி ஒண்ணுதான்: ரெண்டு கம்பெனிக்கும் அகராதி வேற வேற. அளவுகளுக்கு ஐ.நா. ஒரு கோடு பட்டியலே வெச்சிருக்கு. அதில் கிலோகிராம் கே.ஜி.எம்., ஒரு பீஸ் எச்-87, வெறும் "ஒன்று" சி-62. நம்ம ஜி.எஸ்.டி. பட்டியலில் கிலோ கே.ஜி.எஸ்.; "ஒன்று" என்பதற்கு நம்பர்ஸ், பீசஸ், யூனிட்ஸ் என்று மூணு வார்த்தை.

கே.ஜி.எஸ். என்பதை கே.ஜி.எம். ஆக்குறது சுலபம். எழுத்துதான் மாறுது, எடை அதேதான். நான் பார்த்த முதல் சில வரிகள் எல்லாமே அந்த மாதிரி. தைரியம் வந்துடுச்சு. இடது காலம் எங்க வார்த்தை, வலது காலம் கஸ்டமர் வார்த்தை. எங்க சாஃப்ட்வேரில் விற்பனை யூனிட் "பாக்ஸ்". அவங்க போர்ட்டலில் "ஈச்". பாக்ஸுக்கு எதிரே ஈச் என்று டைப் பண்ணினேன். சேவ் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

ஒரே ஒரு பார்ட் நம்பரோட கணக்கை மட்டும் சொல்றேன். அவங்க கேட்டது வாரம் 8,000 போல்ட். நாங்க அனுப்பினது 40 பாக்ஸ். ஏ.எஸ்.என். போனது 40 ஈச். போர்ட்டல் ஒரு எரர்கூடக் காட்டலை. ஏன் காட்டணும்? 8,000 கேட்ட இடத்தில் 40 அனுப்புறது தப்பில்லையே, பகுதி டெலிவரி. லேபிளை ஸ்கேன் பண்ணதும் வரவு 40 போல்ட் என்று தானா ஏறிடுச்சு. இ-இன்வாய்ஸும் பச்சைக்கொடி காட்டியது. பாக்ஸ் என்பது ஜி.எஸ்.டி. பட்டியலில் இருக்கிற வார்த்தை. ஒரு பாக்ஸில் எத்தனை என்று அது கேட்காது. வரி வாங்குறவங்களுக்கு அது தேவையும் இல்லை. மதிப்பும் வரியும் சரியா வந்தால் போதும்.

அடுத்த வாரம் போர்ட்டல் 15,960 போல்ட் கேட்டது. 8,000 புது ஷெட்யூல், 7,960 "பாக்கி". எங்க சார் முகத்தைப் பார்க்கணுமே. "ஆர்டர் ஏறுதுப்பா!" என்றார். ஓவர்டைம் போட்டு 80 பாக்ஸ் அனுப்பினோம். கம்பி காயில் கூடுதலா கடனுக்கு இறக்கினார். மூணாவது வாரம் 23,880.

கண்டுபிடிச்சது நானில்லை, அக்கா. "தம்பி, அங்க ஸ்டோர்ஸ்ல நம்ம பாக்ஸ் கூரை வரைக்கும் அடுக்கியிருக்காம், டிரைவர் சொல்றார். அப்புறம் எதுக்கு இன்னும் கேக்கறாங்க?"

அப்போதான் ஷீட்டைத் திறந்தேன். வயிறு கலங்குச்சு. போனது 24,000 போல்ட். அவங்க கணக்கில் வந்தது 120. ஒரு போல்ட் 12 ரூபாய். அதாவது 1,440 ரூபாய்க்குச் சரக்கு வந்திருக்கு, வரி சேர்த்து 3,39,840 ரூபாய்க்கு பில் வந்திருக்கு. எந்த சிஸ்டமும் அந்த பில்லைப் பாஸ் பண்ணாது. இதே மாதிரி ஆறு பார்ட் நம்பர். மொத்தம் 20 லட்சத்துக்கு மேல.

சின்ன யூனிட்டுக்கு 45 நாளில் பணம் கொடுக்கணும்னு 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்லுது. நான் அதைத்தான் நம்பிட்டு இருந்தேன். ஆனா சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கினவர் எழுத்து மூலமா ஆட்சேபம் சொல்லிட்டால், அந்த ஆட்சேபம் தீர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. மெயில் வந்திருந்தது, "அளவு பொருந்தவில்லை" என்று. நான்தான் திறக்கலை. டிரெட்ஸ் தளத்தில் பில்லைத் தள்ளுபடி செய்து முன்கூட்டியே பணம் எடுக்கப் பார்த்தோம். அதற்கும் கஸ்டமர் பில்லை ஒத்துக்கணுமே. இ-இன்வாய்ஸை ரத்து பண்ண 24 மணி நேரம்தான். அதுவும் என்றைக்கோ போயாச்சு.

தீபாவளி நவம்பர் 12. அதற்கு முன்னாடி வியாழக்கிழமை சார் எல்லாரையும் கூப்பிட்டு, "சம்பளம் மட்டும் இப்போ, போனஸ் அடுத்த மாசம்" என்றார். என் பெயரைச் சொல்லவே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லைன்னு இருந்தது.

பணம் டிசம்பர் நடுவில் வந்தது. அதை மீட்டது எந்த சாஃப்ட்வேரும் இல்லை. அவங்க கேட்டில் செக்யூரிட்டி எழுதிவெச்ச நோட்டு, வண்டி வண்டியா பாக்ஸ் எண்ணிக்கையோடு. அக்கா ரெண்டு நாள் அங்கே போய் உட்கார்ந்து ஒவ்வொரு வரியா ஒத்துப் பார்த்தாங்க.

ஒரு பாக்ஸுக்கு 200 என்ற தகவல் எங்க கம்பெனியில் எங்கே இருந்தது தெரியுமா? அக்காவோட சலான் கையெழுத்தில். அந்த "× 200"க்கு என் ஷீட்டில் காலமே இல்லை. சலானை நிறுத்தினப்போ அதையும் சேர்த்து நிறுத்திட்டோம். வார்த்தைக்கு வார்த்தை ஜோடி சேர்த்தால் மேப்பிங் முடிஞ்சதுன்னு நினைச்சது என் முட்டாள்தனம்.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க போல்ட் எங்களுக்கு 7318, அதாவது இரும்பு போல்ட். கஸ்டமர் மாஸ்டரில் அது 8708, கார் பாகம். காருக்குப் போனாலும் சாதாரண போல்ட், நட்டு எல்லாம் "பொதுப் பயன்பாட்டுப் பாகம்", 8708-க்குள் வராது என்று சுங்கப் பட்டியலின் குறிப்பே சொல்லுது. ஆனா அப்போ 7318-க்கு 18 சதவீதம், 8708-க்கு பெரும்பாலும் 28. அதனால் அதற்கும் ஒரு மெயில் சண்டை. 2025 செப்டம்பர் 22-லிருந்து ரெண்டுக்குமே 18, சண்டைக்கு இப்போ சுவாரஸ்யம் போயிடுச்சு.

எனக்கு இதில் ஒரு கோபம் இருக்கு. எங்ககிட்ட மூணு பெரிய கஸ்டமர், மூணு போர்ட்டல், மூணு அகராதி. மொழிபெயர்க்கிற வேலை முழுக்க சின்ன யூனிட் தலையில். ஒருத்தருக்கு "டெலிவரி தேதி" என்றால் சரக்கு இங்கே கிளம்பும் நாள். இன்னொருத்தருக்கு அங்கே சேரும் நாள். ஒரகடத்துக்குக் காலையில் அனுப்பினால் மதியம் போயிடும், அதனால் ரெண்டும் ஒண்ணாவே தெரிஞ்சது. ஓசூர் கஸ்டமர் வந்த பிறகுதான், ஒரு நாள் லேட் என்று ரேட்டிங்கில் மார்க் குறைச்சப்போ, வித்தியாசமே புரிஞ்சது. எல்லாரும் நடுவில் ஒரே பொது அகராதிக்கு மொழிபெயர்த்தால் ஆளுக்கு ஒரு மேப்பிங் போதும். அப்படி ஒண்ணு இல்லாமலும் இல்லை: யு.பி.எல். 2015-லேயே ஐ.எஸ்.ஓ. தரமாயிடுச்சு, நம்ம இ-இன்வாய்ஸ் வடிவமே அந்தக் குடும்பத்தை ஒட்டி வந்ததுதான். பில்லுக்கு அரசு கட்டாயப்படுத்தினது, எல்லாரும் மாறினாங்க. ஆர்டருக்கும் ஏ.எஸ்.என்.னுக்கும் யாரும் கட்டாயப்படுத்தலை.

இப்போ என் ஷீட்டில் நாலு காலம். எங்க வார்த்தை, அவங்க வார்த்தை, எதால் பெருக்கணும், யார் சொன்னது. நாலாவது காலத்தில் பாதி இடத்தில் "அக்கா" என்றுதான் இருக்கு.

போன வாரம்கூட அவங்க கால் பண்ணினாங்க. "தம்பி, புது கஸ்டமர் ஃபார்ம்ல 'பேக்'னு போட்டிருக்கு. கவரா, பாக்ஸா, டிரேயா?" தெரியலைக்கா, கேட்டு மெயில் போட்டிருக்கேன் என்றேன். இன்னும் பதில் வரலை. சரக்கு டெஸ்பாட்ச்ல ரெடியா நிக்குது, அக்கா ஏத்த விட மாட்டேங்கறாங்க.