சிறைவாயிலுக்கும் வீட்டுவாயிலுக்கும் இடையே

தண்டனைக் காலம் முடிந்த கைதி ஒருவன் சிறைச்சாலையின் பெருங்கதவைக் கடந்து வெளியே வருகின்றான். சட்டத்தின் கணக்கு அன்றோடு தீர்ந்துவிடுகின்றது. அவனுடைய சோதனையோ அன்றுதான் ஆரம்பமாகின்றது. எப்பொழுது எழுவது, எதனை உண்பது, என்ன வேலை செய்வது என்பவற்றையெல்லாம் அதுவரை பிறரே தீர்மானித்தனர். இனி யாவற்றையும் அவனே தீர்மானித்தல் வேண்டும். வீடும் உறவும் உள்ளவனுக்குப் புகலிடம் உண்டு. மீண்டும் மீண்டும் சிறை சென்று அவ்விரண்டையும் இழந்தவன் எங்கே செல்வான்? பழைய கூட்டாளிகளே அவனை வரவேற்கக் காத்திருப்பர்.

இந்த இடைவெளியை நிரப்ப எழுந்தவையே இடைத்தங்கல் இல்லங்கள். இவ்வெண்ணம் புதியதன்று. 1817ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தில் ஆணைக்குழுவொன்று, விடுதலை பெற்ற ஆதரவற்றோருக்குத் தற்காலிக உறைவிடம் அமைக்குமாறு சிபார்சு செய்தது. குற்றவாளிகள் ஒரே கூரையின் கீழ்க் கூடினால் ஒருவரையொருவர் கெடுப்பர் என்ற அச்சத்தினால் அந்த யோசனை கைவிடப்பட்டது. 1864இல்தான் அதே மாநிலத்து டெடம் நகரில், சிறைமீண்ட பெண்களுக்கென ஓர் இல்லம் தோன்றியது.

அடுத்த நூற்றாண்டில் இம்முயற்சி புத்துயிர் பெற்றது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது போர்ப்பணி புரிய மறுத்துச் சிறைசென்ற மேர்வின் ரேணர் என்பவர், 1954இல் இலண்டன் மாநகரில் நோர்மன் இல்லத்தை நிறுவினார். வீடு வாசலின்றிப் பலமுறை சிறை புகுந்தவர்களுக்கு அங்கே குடும்பத்தை ஒத்த வாழ்வு கிடைத்தது. 1959இல் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் சாள்ஸ் கிளார்க் என்ற கத்தோலிக்கக் குருவானவர் டிஸ்மஸ் இல்லத்தைத் திறந்தார். டிஸ்மஸ் என்பது இயேசுநாதரோடு சிலுவையில் அறையப்பட்டு மன்னிப்புப் பெற்ற கள்வனுக்குத் திருச்சபை மரபு வழங்கும் நாமமாகும்.

இத்தகைய இல்லங்களின் நடைமுறை எளிமையானது. அங்கு தங்குபவன் பகலில் வெளியே சென்று தொழில் புரிகின்றான். குறித்த நேரத்தில் திரும்புகின்றான். பல இல்லங்களில் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தங்குசெலவுக்குக் கொடுத்து, எஞ்சியதைச் சேமிக்கின்றான். குடிப்பழக்கமுடையோர்க்கு அதிலிருந்து மீள உதவி கிடைக்கின்றது. சில மாதங்களில் அவன் தனியே வாழப் புறப்படுகின்றான்.

எல்லோரும் திருந்திவிடுவதில்லை, சிலர் மீண்டும் சிறைக்கே செல்கின்றனர். அதனைக் கண்டு அஞ்சும் அயலவர், தம் வீதியில் இத்தகைய இல்லம் வேண்டாம் என்று பல நாடுகளில் எதிர்க்கின்றனர். தம் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதுவோரின் அச்சத்தை ஏளனஞ் செய்தல் தகாது. ஆயினும் ஓர் உண்மையை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தண்டனை முடிந்தவன் எப்படியும் ஏதோ ஒரு வீதிக்கு வந்தே தீருவான். அங்கே அவனுக்கு உணவும் தொழிலும் கண்காணிப்பும் கிடைக்குமா, அன்றிப் பழைய கூட்டாளிகளின் அழைப்பு மாத்திரம் கிடைக்குமா என்பதே சமூகம் தீர்மானிக்கக்கூடியது.