சுமக்கிறது வேற, பலம் சேர்க்கிறது வேற

(வைகை அணைப் பூங்கா அருகே நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நம் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



காலையிலிருந்து சந்தா, உள்கடன், வட்டி என்று கணக்குப் பேசிக் களைத்துப் போயிருக்கீங்க. சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் எங்களுக்குக் கொடுத்திருக்காங்க. பயப்படாதீங்க, இதில் கணக்கு கொஞ்சம்தான். அதுவும் கிலோ கணக்கு.

மேசை மேல் இருக்கிற இந்த இரும்புக் குண்டைப் பார்த்து உள்ளே வரும்போதே ஒரு அக்கா, "இதென்னத்தா, தராசுப் படிக்கல்லா?" என்று கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். ஆனா அந்த அக்கா கேட்டதுதான் சரி. இதற்குப் பேரு கெட்டில்பெல். ருஷ்யா தேசத்தில் தானியச் சந்தையில் எடைக்கல்லாக இருந்த பொருள் இது. அவங்க ஊர்ப் பழைய எடைக்குப் 'பூட்' என்று பேரு. நம்ம கணக்குக்கு 16 கிலோவும் கொஞ்சமும். சந்தையில் எடைக்கல்லை யார் அதிகம் தூக்குறது என்று பந்தயம் கட்டி விளையாடியது பிறகு உடற்பயிற்சியாச்சு. 1885-இல் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் கிரயெவ்ஸ்கி என்ற மருத்துவர் எடை தூக்குறவங்களுக்காக ஒரு மன்றமே தொடங்கினார். இன்றைக்கும் 16, 24, 32 கிலோ என்று இந்தக் குண்டு வருவதற்குக் காரணம் அந்தப் பூட் கணக்குதான்.

கைப்பிடி மேலே, கனம் எல்லாம் கீழே. நம்ம தூக்குவாளி மாதிரி. கனம் கையை விட்டுத் தள்ளித் தொங்குவதால் அதைக் கட்டுப்படுத்த இடுப்பு, முதுகு, வயிறு, தோள் எல்லாம் சேர்ந்து வேலை செய்யணும். நம்ம ஊர்க் கர்லாக்கட்டையிலும் இதே சூட்சுமம்தான்.

இளவட்டக்கல் உங்களுக்குத் தெரியும். அதைத் தூக்கினவனுக்குத்தான் பெண் கொடுப்பாங்க என்று கதை கதையாச் சொல்லுவாங்க. உரலையும் அம்மியையும் இடம் மாத்தி வைத்தது யாருன்னு யாரும் கதை சொல்லலை. அது போகட்டும். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி நடக்கிற இளவட்டக்கல் போட்டியில் இப்போ பெண்களும் தூக்குறாங்க. கர்ணம் மல்லேஸ்வரி 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 110-ம் 130-ம் ஆக மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் வாங்கியதை டிவியில் பார்த்தவங்க இங்கே இருப்பீங்க. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவங்கதான்.

இதையெல்லாம் சொன்னவுடனே எங்களைப் பார்த்து நீங்க கேட்கிற கேள்வி எங்களுக்கு மனப்பாடம். "நாங்க தூக்காத சுமையா? திராட்சைப் பெட்டி, வாழைத்தார், தண்ணிக் குடம், மண் சட்டி எல்லாம் தூக்குறோம். இதுக்கு மேல எதுக்கு இரும்புக் குண்டு?"

நியாயமான கேள்விதான். எங்களுக்கே ஒரு வருஷம் வரைக்கும் பதில் தெரியலை.

பதிலை இப்படிச் சொல்லிப் பார்க்கிறோம். வேலையில் நாம சுமக்கிற எடையை யார் முடிவு பண்றது? லாரி நேரமும் முதலாளியும் கூலியும்தான். முதுகு வலிச்சாலும் அன்றைக்கு 200 தார் என்றால் 200 தார். தலையில் சும்மாடு வைத்து ஒரே பக்கம் கழுத்தைச் சாய்த்து, வளைஞ்ச முதுகோடு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு தூக்குறோம். மறுநாள் ஓய்வும் கிடையாது. அது உடம்பிலிருந்து பணம் எடுத்துக்கிட்டே இருக்கிற மாதிரி. பயிற்சியில் எடை எவ்வளவு, எத்தனை தடவை, நடுவில் எவ்வளவு ஓய்வு, எப்போ கூட்டுவது எல்லாம் நம்ம கையில் இருக்கு. அது சந்தா கட்டுற மாதிரி. சக்கம்பட்டியில் தறியில் உட்கார்ந்தே நெய்கிற அக்காமாருக்கு வேற பிரச்சினை: கழுத்தும் கையும் ஓயாம வேலை செய்யுது, இடுப்பும் தொடையும் சும்மாவே இருக்கு.

டென்மார்க் நாட்டில் 2011-இல் ஒரு ஆய்வு வெளியாச்சு. கழுத்து வலி, முதுகு வலி அதிகம் வரக்கூடிய வேலையில் இருந்த 40 பேர், பெரும்பாலும் பெண்கள். அதில் ஒரு பாதிப் பேர் வாரம் மூணு நாள், நாளைக்கு 20 நிமிஷம், எட்டு வாரம் கெட்டில்பெல் செய்தாங்க. கழுத்து வலியும் இடுப்பு வலியும் குறைஞ்சது, முதுகுத் தசை பலமாச்சு. மூச்சு வாங்காம ஓடுற சக்தி மட்டும் கூடலை. அதையும் சொல்லணும் இல்லீங்களா? ஒரே குண்டு எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்போ எங்க தப்பைச் சொல்றோம்.

நம்ம உறுப்பினர் ஒருத்தரோட மகள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்குது. அது ஜிம்முக்குப் போய்ப் பழகி, ஒரு அட்டவணைத் தாளை அனுப்பி வச்சது. பாவெல் சாட்சூலின் என்பவர் 2013-இல் எழுதிய 'சிம்பிள் அண்ட் சினிஸ்டர்' புத்தகத்திலிருந்து எடுத்த திட்டம். பார்க்க ரொம்ப எளிது. குண்டை இரண்டு காலுக்கு நடுவில் பின்னால் விட்டு, இடுப்பை வெட்டி முன்னால் வீசணும். அப்படி 100 தடவை. அப்புறம் மல்லாக்கப் படுத்து, குண்டை ஒரு கையால் மேலே நீட்டிப் பிடிச்சுக்கிட்டே எழுந்து நிற்கணும். அப்படி 10 தடவை. அனேகமா தினமும்.

நாங்க படிச்சவங்க இல்லையா! தாளில் இருந்ததை அப்படியே செய்ய வச்சோம். குண்டு இல்லாத குழுவில் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் மணல் நிரப்பிக் கொடுத்தோம். அஞ்சாவது நாள் ஒரு கேனின் பிடி பிய்ந்து சமுதாயக்கூடச் சுவரில் போய் அடிச்சது. நல்ல காலம், எதிரில் ஆள் இல்லை. பத்து நாளில் பாதிப் பேர் வரலை. வீட்டுக்குப் போய்க் கேட்டா, "காலையில ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போயிட்டு ராத்திரி ஏழு மணிக்குத் திரும்புறேன். இதுல நூறு தடவை வீசவா?" என்றாங்க. இரண்டு பேருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

திட்டம் தப்பு இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிற, கையில் சரியான இரும்பு இருக்கிற, ராத்திரி நல்லாத் தூங்குகிற ஒருத்தருக்கு அது பொருந்தும். நம்ம அளவுக்கு வெட்டித் தைக்காம அடுத்தவங்க ரவிக்கையைப் போட்டுவிட்டது எங்க தப்பு.

அதுக்கப்புறம் ஒரு பிசியோதெரபி படிச்சவரையும் வச்சுக்கிட்டு, நம்ம உறுப்பினர்களோட உட்கார்ந்து ஒவ்வொண்ணா மாத்தினோம்.

முதல்ல, வீசுறதையே நிறுத்தினோம். கேனை யாரும் வீசக் கூடாது. இரும்பு குண்டு இருந்து, சொல்லிக் கொடுக்க ஆளும் இருந்தா மட்டும்தான் வீசுறது. கேன் தரையிலிருந்து எடுக்க, நெஞ்சோடு அணைக்க, தூக்கிக்கிட்டு நடக்க மட்டும். அடுத்தது, தினமும் என்பதை வாரம் இரண்டு நாள் ஆக்கினோம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் தசைக்கு வாரத்தில் இரண்டு நாளாவது என்பதுதான். செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டத்துக்கு முன்னால் ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு.

குனியறதை மட்டும் நிதானமாச் சொல்றோம், ஏன்னா எல்லாம் அதில்தான் இருக்கு. இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது கதவை எப்படிச் சாத்துவீங்க? பின்புறத்தால் தள்ளிச் சாத்துவோம் இல்லையா, அதேதான். முழங்கால் லேசா மடங்கணும், இடுப்பு பின்னால் போகணும், முதுகு பலகை மாதிரி நேரா இருக்கணும். நாற்று நடும்போது வளையற வளைவு இது இல்லை. சுவருக்கு ஒரு சாண் முன்னால் முதுகைக் காட்டி நின்று, பின்புறம் சுவரைத் தொடுற வரைக்கும் குனிஞ்சு பழகுங்க. எடை வேண்டாம், பத்து தடவை. அது சரியா வந்த பிறகு, கேனை இரண்டு செங்கல் மேல் வச்சு, அதே மாதிரி குனிஞ்சு எடுத்து நிமிரணும். நிமிரும்போது மூச்சை வெளியே விடணும். பிரஷர் இருக்கிறவங்க மூச்சை அடக்கவே கூடாது. அஞ்சு தடவை எடுத்து, வேர்வை துடைச்சு, ஊர்க்கதை கொஞ்சம் பேசி, மறுபடி அஞ்சு, மறுபடி அஞ்சு. அப்புறம் கேனை நெஞ்சோடு அணைச்சுக்கிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது, அதுவும் அஞ்சஞ்சு. கடைசியா ஒரு கையில் மட்டும் கேனைத் தொங்கவிட்டு, உடம்பு சாயாம தண்ணித் தொட்டி வரைக்கும் போய், கை மாத்தித் திரும்பி வரணும். இது லேசா இருக்கும்னு நினைப்பீங்க. செஞ்சு பாருங்க.

இரும்பை விட கேன் நல்லது என்று ஒரு விஷயத்தில் நாங்க அடிச்சுச் சொல்லுவோம். கடைக் குண்டு பெரும்பாலும் 8 கிலோ, அதற்கு மேலே 12 கிலோ. நாற்பத்தஞ்சு கிலோ உடம்பு இருக்கிற ஒரு அக்காவுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு என்பது ஒரேயடியா ஒண்ணரை மடங்கு. கேனில் அப்படி இல்லை. மூணு லிட்டர் தண்ணியில் தொடங்குங்க. இரண்டு வாரம் சிரமமில்லாம வந்தா அரை லிட்டர் ஊற்றுங்க, அரைக் கிலோ கூடும். "இன்னும் இரண்டு தடவை முடியும்" என்கிற இடத்திலேயே நிறுத்தணும். தார் ஏத்துற நாள், களை எடுக்கிற நாள் என்றால் அன்றைக்குத் தண்ணியைப் பாதியாக்குங்க, இல்லாட்டி சும்மாக் கேட்டுக்கிட்டு உட்காருங்க. அட்டவணைக்காக உடம்பை வதைக்க வேண்டாம்.

தரையிலிருந்து எழுந்திருக்கிற பயிற்சிக்குக் குண்டே வேண்டாம் என்று விட்டோம். மல்லாக்கப் படுத்து, ஒருக்களித்து, கையூன்றி, ஒரு முழங்கால் போட்டு எழுந்து நிற்கணும். பழகின பிறகு ஒரு கையில் டம்ளர் தண்ணி. சிந்தாம எழுந்திருக்கணும். சின்னப் பிள்ளைங்க வேடிக்கை பார்க்க வந்து, அதுகளும் படுத்து எழுந்திருச்சு, கூடமே ஈரமாச்சு.

இதில் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லணும். பேர் சொல்ல மாட்டோம், அவங்க சம்மதத்தோடுதான் சொல்றோம். ஐம்பது வயசைத் தாண்டினவங்க. கூட்டம் முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து போன பிறகுதான் எழுந்திருப்பாங்க. சுவரைப் பிடிச்சு எழுந்திருக்கிறதை யாரும் பார்த்துடக் கூடாதாம். பயிற்சிக்கு மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி ஒதுங்கிக்கிட்டே இருந்தாங்க. ஒரு நாள் எங்களைத் தனியாக் கூப்பிட்டு, "அடியில என்னமோ இறங்கி வர்ற மாதிரி இருக்கு, பதினோரு வருஷமா" என்றாங்க. பதினோரு வருஷம்! வீட்டுக்காரருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. அந்தப் பதினோரு வருஷமும் மண் சட்டி தூக்கியிருக்காங்க.

கர்ப்பப்பை இறக்கம் வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை. இருமினா, தும்மினா சிறுநீர் கசியுது, அடியில் பாரமா இருக்கு, ஏதோ வெளியே தட்டுப்படுது என்றால் எடை தூக்கிப் பார்க்க வேண்டாம். க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதல்ல போவோம், நாங்க கூட வர்றோம். அந்த அக்காவோடவும் போனோம். டாக்டரம்மா பார்த்துட்டு, சிறுநீரை அடக்குற மாதிரி அடித்தசையை இறுக்கி, அஞ்சு எண்ணி விடுற பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தாங்க. மூச்சைப் பிடிச்சுப் பாரம் தூக்கவே கூடாது என்றும் சொன்னாங்க. எல்லாருக்கும் இது மட்டுமே போதாது, சிலருக்கு வேற வைத்தியமும் வேணும். பிரசவம் ஆனவங்க, ஆபரேஷன் ஆனவங்க, நெஞ்சு வலி, தலை சுத்தல் இருக்கிறவங்களும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் கேனைத் தொடணும்.

வயசாகிப் போச்சே என்று சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாத் தேயும். ஆஸ்திரேலியாவில் எலும்பு தேய்ஞ்ச 101 வயசான பெண்களை வச்சு நடத்தின ஆய்வு 2018-இல் வந்தது. பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்க்க, வாரம் இரண்டு நாள் அரை அரை மணி, எட்டு மாசம் நல்ல கனமான எடை தூக்கினவங்களுக்கு முதுகெலும்பு பலமாகியிருந்தது. பக்கத்தில் ஆள் நின்று பார்த்தாங்க என்பதை மறக்காதீங்க.

சாப்பாடு பற்றி ஒரு வரி. முட்டை, கொள்ளு, நிலக்கடலை, உளுந்தங்களி, இங்கே அணையில் கிடைக்கிற மீன், இதில் ஏதாவது ஒண்ணு உங்க தட்டிலும் இருக்கணும். பிள்ளைகள் தட்டோட முடிஞ்சிடக் கூடாது.

கடைசியா, தீர்மான நோட்டில் இன்னும் முடியாம இருக்கிற விஷயம். கூட்டமைப்புப் பொது நிதியில் இரண்டு இரும்புக் குண்டு வாங்கி, குழுக் குழுவாச் சுத்த விடலாம் என்று ஒரு ஊக்குநர் எழுதிக் கொடுத்தாங்க. "கறவை மாட்டுக்குக் கடன் கேட்டா ஆயிரம் கேள்வி, குண்டுக்கு மட்டும் நிதியா?" என்று எதிர்ப்பு வந்தது. அதிலும் நியாயம் இருக்கு. எங்க கருத்தைக் கேட்டா, இப்போதைக்கு வேண்டாம். மேசையில் இருப்பது இரவல் குண்டு, திருப்பிக் கொடுக்கணும். ஆறு மாசம் கேனை வச்சே நடத்திப் பார்த்துட்டு, எத்தனை பேர் விடாம வர்றாங்க என்று வருகைப் பதிவைப் பார்த்து முடிவு பண்ணலாம்.

வர்ற செவ்வாய்க்கிழமை எல்லாக் குழுவிலும் தொடங்குறோம். பிடி உறுதியா இருக்கிற ஐந்து லிட்டர் கேன் ஆளுக்கு ஒண்ணு, குடிக்கத் தண்ணி, ஒரு பாய் கொண்டு வாங்க. அந்த அக்கா இப்போ மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. டாக்டரம்மாகிட்ட மறுபடி காட்டின பிறகு, அவங்களுக்கு எடை இல்லாத குனிவும், தரையிலிருந்து எழுந்திருக்கிறதும் மட்டும்தான். போன வாரம் கூட்டம் முடிஞ்சு பாயைச் சுருட்டினது அவங்கதான். சாப்பாடு தயாராயிடுச்சாம், எழுந்திருங்க. சுவரைப் பிடிக்காம எழுந்திருச்சுப் பாருங்க.