நலிவுற்ற வாகன ஆலைகள்: மீட்பும் அரசியலும்

(திருவனந்தபுரத்தில் மாணவர்களிடையேயும் அலுவலர்களிடையேயும் நிகழ்த்தப்பெற்ற உரை)

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் செல்வோர், நெய்யாற்றின்கரையை அடையுமுன் ஆறாலுமூடு என்னும் ஊரைக் கடப்பர். மூன்று சக்கர வண்டிகளைச் செய்வதற்கென 1978-ஆம் ஆண்டில் மாநில அரசு நிறுவிய கேரள ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் அங்குதான் அமைந்துள்ளது. 1984-இல் அதன் உற்பத்தி தொடங்கிற்று. இலட்சக்கணக்கில் வண்டிகளை உற்பத்தி செய்யும் தனியார் ஆலைகளோடு, குறைந்த அளவில் உற்பத்தி செய்யும் ஓர் ஆலை அடக்கவிலையில் போட்டியிடுதல் எளிதன்று. ஆகவே இந்நிறுவனம் பலமுறை அரசின் நிதியுதவியை நாட நேர்ந்தது. 2019-இல் ‘நீம்ஜி’ என்னும் மின் ஆட்டோவை உருவாக்கிப் புதுவழி காண முயன்றது.

இத்தகைய ஆலை நலிவுறும்போது அரசு கைகொடுக்க வேண்டுமா என்னும் வினா இயல்பாக எழுகிறது. ஆனால் அதனினும் முக்கியமான வினா வேறொன்று உண்டு. கைகொடுப்பதென முடிவு செய்த பின்னர், அந்த உதவி எவ்வாறு நடத்தப்பெறுகிறது என்பதே அது.

அரசியல் முடிவும் அரசியல் தலையீடும்

பொதுமக்களின் வரிப்பணத்தை ஓர் ஆலைக்கு அளிப்பது அரசியல் முடிவேயாகும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் விவாதித்து, காரணம் கூறி எடுக்கப்பெறும் அத்தகைய முடிவில் குறையொன்றுமில்லை. உதவிக்குப் பின்னர் ஆலையின் அன்றாட நடவடிக்கைகளில், வெளியே சொல்லப்படாத நோக்கங்கள் புகுவதே தலையீடு. யாரைப் பணியில் அமர்த்துவது, எந்த ஊரில் பிரிவு தொடங்குவது, எப்பிரிவை மூடாதிருப்பது ஆகியவை ஆலைக்கு வெளியே தீர்மானிக்கப்படுகின்றன. அவற்றின் செலவோ ஆலையின் நட்டக் கணக்கில் சேருகிறது. பின்னர் அந்த நட்டத்திற்குத் தொழிலாளரும் மேலாளருமே பழி ஏற்கின்றனர்.

இலக்னோ தரும் பாடம்

மத்திய அரசு 1972-இல் இலக்னோவில் நிறுவிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் இத்தாலிய லாம்பிரெட்டா ஸ்கூட்டரின் இயந்திரங்களை வாங்கி உற்பத்தியைத் தொடங்கிற்று. காலப்போக்கில் ஸ்கூட்டர் உற்பத்தி நின்றது. மூன்று சக்கர வண்டிகளே எஞ்சின. 2011-இல் அரசு தன் பங்குகளை விற்க இசைந்தது. 2013-இல் அதற்கு மாறாக, 200 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட புத்துயிர்ப்புத் திட்டத்தை ஏற்றது. 2021-இல் ஆலையை மூட முடிவு செய்தது. பத்தாண்டுகளுக்குள் மூன்று வேறுபட்ட முடிவுகள்! ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் கூற இயலும். எனினும் தொழிலாளரோ உதிரிப்பாகம் அளிப்போரோ இத்தகைய நிலையில் எதனை நம்பித் திட்டமிட முடியும்?

மாருதியின் இரு பக்கங்கள்

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் நம் நாட்டிலேயே உண்டு. சஞ்சய் காந்தி 1971-இல் தொடங்கிய மாருதி நிறுவனம், எண்ணியபடி மக்கள் காரைச் சந்தைக்குக் கொணர இயலாமல், 1978-இல் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பெற்றது. 1980-இல் அரசு அதனைக் கையகப்படுத்தியது முற்றிலும் அரசியல் முடிவே. ஆனால் 1981-இல் மாருதி உத்யோக் அமைந்த பின்னர் மேலாண்மைக்குச் செயலுரிமை கிடைத்தது. 1982-இல் ஜப்பானின் சுசூகி நிறுவனம் 26 விழுக்காட்டுப் பங்குடன் இணைந்தது. தொழில்நுட்பத்தை அளித்தவரே முதலீட்டின் இடரையும் பகிர்ந்துகொண்டார். 1983 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது.

அந்நிறுவனத்திலும் 1997-இல் நிர்வாக இயக்குநர் நியமனம் குறித்து அரசுக்கும் சுசூகிக்கும் பூசல் மூண்டது. அடுத்த ஆண்டே அது தீர்ந்தது. வெற்றி பெற்ற நிறுவனத்திலும் நியமனமே பூசலுக்கு இடமாயிற்று என்பது கருதத்தக்கது.

அயல்நாட்டு அனுபவம்

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1975 டிசம்பரில், கிரைஸ்லர் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளைக்கு 16.25 கோடி பவுன் வரை உதவ அரசு முன்வந்தது. தொழில்துறை அமைச்சரே இதனை விரும்பவில்லை. ஆயினும் ஸ்காட்லாந்திலுள்ள லின்வுட் ஆலை மூடப்பட்டால் அங்கு ஆளுங்கட்சியின் செல்வாக்குக் குன்றும் என்னும் அச்சம் மேலோங்கிற்று. 1978-இல் அக்கிளை பிரெஞ்சு நிறுவனமாகிய பெஜோவுக்கு விற்கப்பட்டது. 1981-இல் லின்வுட் மூடப்பட்டது. செலவிட்ட பணம் சில ஆண்டு அவகாசத்தை வாங்கித் தந்தது. அந்த அவகாசம் பயன்படுத்தப்படவில்லை.

அதே கிரைஸ்லரின் தாய் நிறுவனத்திற்கு அமெரிக்க அரசு 1980-இல் 150 கோடி டாலர் வரை கடன் உத்தரவாதம் அளித்தது. தொழிலாளர், வங்கிகள், விற்பனையாளர் அனைவரும் விட்டுக்கொடுக்க வேண்டுமெனச் சட்டமே விதித்தது. கண்காணிக்கத் தனி வாரியம் அமைந்தது. வாங்கிய 120 கோடி டாலர் கடன் உரிய காலத்திற்கு முன்பே, 1983-இல், அடைக்கப்பட்டது.

செய்யத்தக்கவை

நலிவுற்ற தொழில்களுக்கென நம் நாட்டில் 1985-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பொதுத்துறை ஆலைகள் 1991-க்குப் பின்னரே அதன் வரம்பினுள் வந்தன. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டமையால், 2016-இல் அம்முறை முடிவுற்று, நொடிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தோடு மூன்று ஒழுங்குகளும் தேவை.

முதலாவதாக, வேலைவாய்ப்பு முதலிய சமூக நோக்கத்திற்காக ஆலையை நடத்த அரசு விரும்பினால், அதன் செலவை வரவு செலவுத் திட்டத்தில் வெளிப்படையாகக் காட்டி ஆலைக்கு ஈடுசெய்தல் வேண்டும். இரண்டாவதாக, உதவியின் அளவு, நிபந்தனைகள், முடிவுநாள் ஆகியவை தொடக்கத்திலேயே எழுத்தில் அமைதல் வேண்டும். மூன்றாவதாக, நியமனங்கள் ஆட்சி மாற்றத்தோடு மாறாத அமைப்பிடம் இருத்தல் வேண்டும். கேரளம் பொதுத்துறைப் பணியாளர் தேர்வுக்கெனத் தனி வாரியம் அமைத்திருப்பது இவ்வகையில் வரவேற்கத்தக்கது.

மீட்க இயலாத ஆலையை மூடுவதும் சில வேளைகளில் நேர்மையான முடிவேயாகும். அப்போது தொழிலாளரின் நிலுவை ஊதியமும் பணிக்கொடையும் முதலில் அவர்கள் கைக்குச் சேர்தல் வேண்டும். ஆலைக்கென ஒதுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ சென்றிருக்கக் கூடியது. அந்த ரூபாய் எதற்காகச் செலவாயிற்று என்று கேட்க மக்களுக்கு உரிமையுண்டு. அவ்வினாவிற்குக் கோப்பிலேயே விடை இருக்குமாறு செய்வது, இன்றைய அலுவலருக்கும் நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவருக்கும் உரிய கடமையாகும்.