கூட ஒரு மாத்திரை



"டாக்டர், இத்தனை நாளா மாத்திரை போட்டும் காதுல கேக்குற குரல் நிக்கலையே. கூட ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்களேன்." மனச்சிதைவு நோய் வந்த பிள்ளையை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடையாய் நடக்கும் தாய்மார்கள் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் கூட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

இரண்டு வெவ்வேறு மருந்துகளைச் சரியான அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது 6 வாரம் கொடுத்தும் நோய் தணியாவிட்டால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு என்பார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை வருகிறது. அப்போது முதலில் யோசிக்க வேண்டியது க்ளோசபின் என்ற மருந்துக்கு மாறுவதைப் பற்றித்தான். பலருக்கு அது கிடைப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. எனக்கு இதில் தீராத ஆதங்கம்.

தாமதத்துக்குக் காரணம் பயம். 1975-இல் பின்லாந்தில் க்ளோசபின் சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்து, 8 பேர் இறந்தார்கள். பல நாடுகள் மருந்தை ஒதுக்கிவைத்தன. 1988-இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஜான் கேன் குழுவினர், வேறு மருந்துகளுக்கு மசியாத 268 பேரிடம் அதை மறுபடி சோதித்தார்கள். 6 வாரத்தில், பழைய மருந்தான க்ளோர்ப்ரோமசின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 4 பேர் தேறினார்கள். க்ளோசபின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 30 பேர்! வாராவாரம் ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு மருந்து திரும்பி வந்தது.

க்ளோசபினும் போதாமல் போகிறவர்கள் உண்டு. கூட ஒரு மருந்து என்ற பேச்சு உண்மையில் இவர்களுக்குத்தான். அப்போதும் முதலில், மருந்து ரத்தத்தில் போதுமான அளவு சேருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் 350 நானோகிராமாவது இருப்பது நல்லது என்கிறார்கள். பீடி, சிகரெட் புகைப்பவருக்கு ரத்தத்தில் மருந்தளவு பாதியாகக்கூடக் குறையலாம். புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட, மருந்து வேகமாகக் கரைந்துபோகிறது. நிகோடினுக்கு இதில் பங்கில்லை, புகைதான் காரணம். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. புகைப்பதைச் சட்டென்று விட்டால் மருந்தளவு ரத்தத்தில் ஏறி, மயக்கமும் வலிப்பும் வரலாம். பையன் பீடியை விட்டான் என்றால் சந்தோஷப்படுங்கள். அன்றே மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குரல் அடங்காவிட்டால் இன்னொரு மருந்து சேர்க்கலாம். ஆனால் சேர்ப்பதெல்லாம் பலிப்பதில்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், க்ளோசபினோடு ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைச் சேர்த்ததற்கும் வெறும் பொய் மாத்திரையைச் சேர்த்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அரிபிப்ரசோல் என்ற இன்னொரு மருந்து சற்று நம்பிக்கை தருகிறது. பின்லாந்தில் 62,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளைப் பார்த்து 2019-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். க்ளோசபினும் அரிபிப்ரசோலும் சேர்த்துச் சாப்பிட்ட காலங்களில் மறுபடி மருத்துவமனையில் சேர நேர்ந்தது குறைவாக இருந்தது. அதே பின்லாந்து! மாத்திரைக்குப் பதிலாக மின்சிகிச்சையைச் சேர்ப்பதும் உண்டு. சினிமா காட்டும் கொடுமையை மறந்துவிடுங்கள். இன்று மயக்க மருந்து கொடுத்த பிறகே அதைச் செய்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். புது மருந்து தொடங்கிய தேதி, குரல் எத்தனை நாள் கேட்டது, தூக்கம் எப்படி, மலம் கழித்தாரா என்று எழுதுங்கள். மலச்சிக்கலைக் கேட்கக் கூச்சம் வேண்டாம். க்ளோசபின் சாப்பிடுபவருக்கு அது உயிரையே பறிக்கக்கூடும். இரண்டு நாளுக்கு மேல் க்ளோசபின் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்காதீர்கள். மருத்துவரைக் கேட்டு, சிறிய அளவிலிருந்துதான் மறுபடி ஏற்ற வேண்டும். மூன்று மாதம் பார்த்தும் சேர்த்த மருந்தால் பலன் தெரியாவிட்டால், அந்த நோட்டைக் காட்டி, "டாக்டர், இதை எடுத்துவிடலாமா?" என்றும் கேளுங்கள்.