பன்றிக்குட்டிக்கு மஞ்சளும் பூண்டும் முருங்கையும்

பன்றிக்குட்டி ஏறக்குறைய எந்த நோய் எதிர்ப்புப் பொருளும் இல்லாமல்தான் பிறக்கிறது. தாயின் நச்சுக்கொடி வழியே அது வருவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலே அதைத் தர வேண்டும். சீம்பால் தந்த காப்பு சில வாரங்களில் தேயத் தொடங்கும். குட்டியின் சொந்த எதிர்ப்புச் சக்தியோ அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். பால் மறக்கடிப்பதும் அந்தச் சமயத்தில் சேர்ந்துகொள்கிறது. பாலுக்குப் பழகிய குடல் மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் செரிக்க வேண்டும். கழிச்சல் கண்டு குட்டி இளைப்பதும், மூலிகைச் சேர்மானம் உதவக்கூடியதும் இந்த நாட்களில்தான்.

இந்தக் கழிச்சலைத் தடுக்கவும் வளர்ச்சியைக் கூட்டவும் நெடுங்காலம் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தார்கள். அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. வளர்ச்சிக்காக அப்படிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் தடை செய்தது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியா 2019இல் தடை விதித்தது.

கொங்குப் பகுதியில் மாற்றுப் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஈரோட்டு மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருள் ரத்தத்தில் எளிதில் சேராது. பெரும்பகுதி குடலிலேயே தங்கும். குட்டிக்குத் தொல்லை குடலில் என்பதால் இது நல்லதே. நிறமேற்றிய மஞ்சளில் ஈயக் கலப்படம் இருக்கக்கூடும். பாலிஷ் போடாத விரலி மஞ்சளை வாங்கி அரைப்பது பாதுகாப்பு.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் மலைப்பூண்டை முழுப்பல்லாகப் போட்டுப் பயனில்லை. நசுக்கினால்தான் கிருமியைத் தடுக்கும் அல்லிசின் உண்டாகும். கொதிக்கும் கஞ்சியில் அது அழிந்துவிடும். நசுக்கிச் சில நிமிடம் வைத்திருந்து, ஆறிய தீவனத்தில் கலக்க வேண்டும். அளவு மிஞ்சினால் வாடைக்கே குட்டி தீவனத்தைத் தொடாது.

மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் காய்க்காக வளர்க்கும் முருங்கையின் இலை அருமையான தீவனம். நிழலில் உலர்த்திய இலையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். நார்ச்சத்தும் உண்டு என்பதால் சின்னக் குட்டிக்குச் சிறிதளவே போதும். இலையின் இரும்பு உடலில் எளிதில் சேராது. ஆகவே பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் போடும் இரும்புச்சத்து ஊசியை முருங்கையை நம்பித் தவிர்க்கக் கூடாது. வேலியோரச் சவுண்டல் இலையைக் குட்டிக்குப் போடவே கூடாது. அதிலுள்ள மைமோசின் நஞ்சு முடியை உதிர்த்து வளர்ச்சியைக் கெடுக்கும்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் நஞ்சை எந்த மூலிகையும் முழுதாக முறிக்காது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்ற ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும் மூலிகை மருந்து கிடையாது. ஹோட்டல் கழிவைக் குறைந்தது அரை மணி நேரம் கொதிக்க வைத்த பிறகே போடுவதும், வெளியாட்களைக் கொட்டகைக்குள் விடாதிருப்பதும்தான் அதற்குக் காப்பு.