ஸனா: நம் புன்செயில் விளையும் மருந்து
(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நோயுற்றால் மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணானதன்று. நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே வைத்திருக்கிறான் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடம். அந்த நிவாரணங்களுள் ஒன்று நம் மாவட்டத்து மண்ணிலேயே விளைகிறது. அதன் அரபுப் பெயர் ஸனா. நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரை என்று கேட்டால் தருவார்கள். யூனானி ஹகீம்கள் ஸனா மக்கி என்று எழுதித் தருவார்கள்.

அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்களை நீங்கள் அறிவீர்கள். ஜஅஃபர் (ரழி) அவர்களின் துணைவியாக அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றவர். வயிறு இளகுவதற்கு எதைப் பயன்படுத்துகிறீர் என்று நபியவர்கள் அவரிடம் ஒருமுறை வினவினார்கள். ஷுப்ரும் என்னும் மூலிகையை அவர் சொன்னார். அது கள்ளி இனத்தைப் போல் பால் வடிவது, குடலை வாட்டுவது. அதன் கடுமையை நபியவர்கள் எடுத்துக் கூறினார்கள். பின்னர் அந்த அம்மையார் ஸனாவுக்கு மாறினார். மரணத்திற்கு மருந்து என்று ஒன்று இருக்குமானால் அது ஸனாவாக இருந்திருக்கும் என்ற பொருளில் நபியவர்கள் அதைச் சிறப்பித்தார்கள். இச்செய்தி திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சிலர் கூறியிருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்வோர் பெரும்பாலும் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் நடந்ததைக் கவனியுங்கள். உடலை வருத்தும் மருந்தின் குறையைச் சுட்டிக்காட்டியதும், அதைவிட மிதமானதைப் பாராட்டியதுமே இதில் முதலில் வருபவை. மரணத்துக்கு மருந்து இல்லை என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் வாழையும் செழிக்கின்றன. அந்தத் தண்ணீர் எட்டாத புன்செய்க் காடுகளில்தான் ஸனா வளர்கிறது. 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு ஒன்றாயிருந்த தூத்துக்குடிப் பக்கம், குறிப்பாகச் சாத்தான்குளம் வட்டாரத்தில், உழவர்கள் இதை அவுரி என்கிறார்கள். தலைமுடிக்குச் சாயமாகப் பூசும் நீல அவுரி வேறு, இது வேறு. பெயரை நம்பி ஒன்றுக்கு ஒன்று வாங்கிவிட வேண்டாம். மானாவாரியாகவே வளரும் செடி இது. இலையை உருவி, பச்சை நிறம் கெடாதபடி நிழலில் உலர்த்தி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேற்றுகிறார்கள். அரபு நாட்டிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் தோன்றிய செடி, அரபு மருத்துவர்களால் ஐரோப்பாவுக்கு அறிமுகமான செடி, இன்று நம் ஊரின் பெயரால் உலகில் விற்பனையாகிறது. அல்வாவுக்குப் பெயர்போன நெல்லையை மேலைநாட்டு மருந்து நூல்கள் 'டின்னவெல்லி ஸென்னா' என்ற இந்த இலையைக் கொண்டே அறிந்திருக்கின்றன!

இது வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். இலையிலும் காயிலும் ஸென்னோஸைடு எனப்படும் பொருள்கள் உள்ளன. அவை இரைப்பையில் ஒன்றும் செய்வதில்லை. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றை உடைக்கின்றன. அதன் பிறகே குடல் அசைந்து, நீர் சேர்ந்து, மலம் இளகுகிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆகவேதான் இஷாவுக்குப் பின் உட்கொண்டால் காலையில் பலன் தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று இரண்டாம் முறை குடிப்பவர் விடிய விடிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவதிப்படுவார். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஸென்னா இடம்பெற்றிருக்கிறது. இது பாட்டி வைத்தியம் என்று எவரும் இளக்காரம் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் இது மலச்சிக்கலுக்கான மருந்து. அதுவும் சில நாட்களுக்கு மட்டுமே. மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தொடரலாகாது. நாள்தோறும் குடித்தால் உடலிலுள்ள நீரும் பொட்டாசியம் என்னும் உப்பும் வெளியேறிவிடும். இருதய நோய்க்கு மருந்து சாப்பிடுவோருக்கு இது பேராபத்து. காரணம் தெரியாத வயிற்று வலி, குடல் அடைப்பு, குடல் வால் அழற்சி உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. உடல் மெலிவதற்காக நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் சிலர் இந்தத் தேநீரைத் தினமும் பருகுகிறார்கள். அதனால் குறைவது உடலின் நீரே தவிர கொழுப்பு அன்று. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2020இல் கொரோனா பரவியபோது, ஸனா அந்நோயைத் தீர்க்கும் என்ற வதந்தி பாகிஸ்தானில் கிளம்பியது. மக்கள் கடைகளை மொய்த்தார்கள், விலை மளமளவென ஏறியது. காய்ச்சலில் ஏற்கெனவே நீர் வற்றிக் கிடப்பவனுக்குப் பேதி மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? நம் பகுதியிலும் 'நபிவழி மருத்துவம்' என்று அட்டையில் அச்சிட்டு, சர்க்கரை நோய் முதல் புற்றுநோய் வரை இதொன்றே போதும், இன்சுலினை நிறுத்துங்கள் என்று சொல்லி விற்போர் இருக்கிறார்கள். ஸஅத் (ரழி) அவர்கள் நெஞ்சு நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து வைத்தியர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பெருமானார் (ஸல்) அவர்களே சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. மருத்துவம் அறியாதவன் வைத்தியம் பார்த்து ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவனே பொறுப்பாளி என்னும் தீர்ப்பும் அதே நூலில் உள்ளது. நபியவர்களின் திருப்பெயரை விலைச்சீட்டில் ஒட்டுவதால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது.

வணிகம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். ஸனாவோடு ஆவாரை இலையைக் கலக்கும் மோசடி மருந்தாளுநர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று. ஆவாரைக்கு அதற்கே உரிய பயன் இருக்கலாம். ஆனால் அது பேதியாக்காது. பலன் கிடைக்காத நோயாளி அளவைக் கூட்டுவார். அடுத்த முறை கலப்பில்லாத சரக்கு கைக்கு வந்தால் அதே கூடுதல் அளவு அவரைப் படுக்கையில் தள்ளிவிடும். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்த ஈரத்தை வெளிப்படுத்திக் காட்டிய நபியின் உம்மத் நாம். மூட்டையின் வாயில் நல்ல இலையும் அடியில் காம்பும் மண்ணுமாகக் கட்டுகிறவர், அந்தக் கை தம் மூட்டைக்குள் நுழைவதாக எண்ணிப் பார்க்கட்டும்.

வாங்குகிறவர்கள் பொடியாக வாங்காமல் முழு இலையாக வாங்குங்கள்; கலப்பு இருந்தால் கண்ணில் படும். எத்தனை நாள், எவ்வளவு என்பதைத் தகுதி பெற்ற ஹகீமிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். வேறு மருந்து சாப்பிடுவோர் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நம் மஹல்லாவில் நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.