நகரம் என்னும் சொல்



கடாரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகின்றனர். படை வந்தது, வென்றது, திரும்பிற்று. அதனினும் நெடுங்காலம் நின்றது வணிகர் அமைப்பு. அதைக் காட்டும் சொல் 'நகரம்'.

இன்று நகரம் என்றால் சுங்கைப்பட்டாணி நினைவுக்கு வரும். சோழர் கல்வெட்டுகளிலோ அச்சொல் வணிகர் அவையையும் குறித்தது. உழவர்க்கு ஊர், பிராமணர்க்குச் சபை, வணிகர்க்கு நகரம். 'நகரத்தோம்' என்று தம்மைச் சுட்டிக்கொண்டு நிலம் விற்றனர். கோயில் அறங்களுக்குப் பொறுப்பேற்றனர். கடலுக்கு அப்பாலும் இக்கூட்டுணர்வு சென்றது. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர், வரும் கப்பலார் கஸ்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்த வேண்டும் என்று தாமே விதிக்கின்றனர். அங்கே அவ்விதியை வகுத்தது அரசன் அல்லன், குழு.

ஏறத்தாழ அக்காலத்திலேயே ஐரோப்பாவிலும் நகரங்கள் பிரபுக்களிடமிருந்து உரிமைச் சாசனங்கள் பெறத் தொடங்கின. இலண்டன் 1191இல் தன்னாட்சிக் குழுமமாக ஏற்கப்பட்டது. பிரபுவின் நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாள், பல நகரங்களில் ஓராண்டும் ஒரு நாளும் வாழ்ந்துவிட்டால் விடுதலை பெற்றான். நம் நகரத்தார் அத்தகைய வாயில் எதையும் பண்ணையாட்களுக்குத் திறந்ததாக நான் கண்டதில்லை. பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு இவ்வேறுபாடு விளங்கும். வேலையோடு வீடும் கட்டுண்டிருந்தது. வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது பட்டணம் சென்றோர்க்கு, அவர்களை உறுப்பினராக ஏற்கும் 'நகரம்' எதுவும் அங்கே காத்திருக்கவில்லை. இடம் இருந்தது, அவை இல்லை.

அவ்வவையைத் தோட்டத்தாரே அமைக்கவேண்டியதாயிற்று. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டினர். அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம்.